தட்டச் சொன்னேன், அடிச்சான்

வாங்க அம்மிணி, உக்காருங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், பரவால்லீங்க. சேலத்துல இருந்தா வர்றீங்க? விளையாட்டுக் கல்லூரியில டீச்சருங்களா? பேஸ்பால் இந்தப் பக்கம் வந்த கதையைப் புஸ்தகமா எழுதறீங்களாக்கும். நெம்ப சந்தோசமுங்க. யாராச்சும் வந்து கேக்க மாட்டாங்களான்னு முப்பது வருசமா உக்காந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி யாரைப் பாத்தீங்க? ஆறுச்சாமியவா? அட கெரகமே! மொதல்ல அவன் ஊட்டுக்குத்தான் போகோணுமா? சரி, போனது போயிட்டீங்க, என்ன சொன்னான்? "மாப்ளகிட்டக் கேளுங்க, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்"னானா? அது ஒண்ணுதானுங்க அவன் வாயில வந்த நெசம்.

ஆறுச்சாமி எனக்கு மச்சானுங்க. என்ற ஊட்டுக்காரிக்குக் கூடப் பொறந்த அண்ணன். மச்சான் மாப்ளைங்கறதெல்லாம் ஊட்டுக்குள்ள. கிரவுண்டுல நான் மேனேஜர், அவன் ஆட்டக்காரன். திருச்சியில கோப்பை ஜெயிச்சமே, அன்னைக்கு அவன் எனக்குப் பண்ணுன அநியாயம் இருக்குது பாருங்க, அதைச் சொல்லிப்போடறேன். அப்பறம் நீங்களே எழுதுங்க, யார் மேல தப்புன்னு. நான் எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

மொதல்ல நான் எப்படி உள்ள வந்தேன்னு சொல்லோணும். பூங்கோதை மில்லுல ஸ்பின்னிங்ல இருந்தேனுங்க, எண்பத்தஞ்சுல. சின்ன முதலாளி அமெரிக்காவுல படிச்சுட்டு அப்பத்தான் திரும்பி வந்திருந்தாரு. ஒரு நாள் டிப்பார்ட்மென்ட்டைச் சுத்திப் பாத்துக்கிட்டு வர்றாரு. மிசினுக்கு மேல இருந்து நூல் சுத்தற பாபின் ஒண்ணு நழுவி விழுந்துச்சு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலீங்க. இடது கையை நீட்டினேன், கைக்குள்ள வந்து உக்காந்துச்சு. சின்ன முதலாளி அங்கயே நின்னுட்டாரு.

"உன்ற பேரென்ன?"

"மருதாசலமுங்க."

"இன்னொருக்காப் புடிப்பியா?"

பெட்டியில இருந்து ஒரு பாபின் எடுத்து வீசினாரு. புடிச்சேன். இன்னொண்ணு வீசினாரு. அதையும் புடிச்சேன். மேஸ்திரி வந்து தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கற வரைக்கும் வீசிக்கிட்டே இருந்தாரு. அப்பறம், "நாளைக்கு ஷிப்டு முடிஞ்சதும் பஞ்சுக் குடோனுக்குப் பின்னாடி வா"ன்னுட்டுப் போயிட்டாரு. என்ற சீட்டைக் கிழிக்கத்தான் கூப்புடறாருன்னு நான் சாயங்காலம் சோறே திங்கலை.

அங்க போனா, தரையில நாலு மூலைக்கும் கழிவுப் பஞ்சு அடைச்ச நாலு சாக்குப்பை. அம்மிணிக்கு ஆட்டம் தெரியும், இருந்தாலும் புஸ்தகத்தைப் படிக்கறவங்களுக்குத் தெரியோணுமல்ல? ஒருத்தன் பந்தை வீசறான். இன்னொருத்தன் கட்டையில அடிக்கறான். அடிச்சுட்டு மொதல் மூலை, ரெண்டாவது மூலை, மூணாவது மூலைன்னு சுத்தி ஓடி, கெளம்புன எடத்துக்கே வந்து சேரோணும். வந்துட்டா ஒரு ரன். அம்புட்டுத்தான் ஆட்டம். ரெண்டாவது மூலைக்கும் மூணாவது மூலைக்கும் நடுவால ஒருத்தன் நிப்பான். பாதிப் பந்து அவனைப் பாத்துத்தான் வரும். அவன்தான் ஷார்ட் ஸ்டாப். அவன்தான் நானு.

எங்கய்யன்கிட்டப் போயி, "என்னைய ஷார்ட் ஸ்டாப்பாப் போட்டுட்டாங்க"ன்னேன். அவர் அது ஏதோ புதுசா வந்த பஸ் ஸ்டாப்புன்னு நெனைச்சுட்டாரு. "அங்க எந்த பஸ்ஸுடா நிக்கும்?"னு கேட்டாரு. சாகற வரைக்கும் அவருக்கு அது புரியலீங்க. ஆனா ஒண்ணு அம்மிணி, விளையாடறதுக்குன்னே சம்பளம் வாங்குனவன் இந்தப் பக்கத்துல நான்தான் மொதல் ஆளு. பாதி நாள் மிசின், பாதி நாள் பந்து. இதைக் கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க.

அஞ்சு வருசம் ஆடினேன். தொண்ணூறுல சின்ன முதலாளிக்கு வேலை எச்சாயி நேரமில்லாமப் போச்சு. "மருதாசலம், இனி டீமை நீயே பாத்துக்க. ஆடவும் ஆடு, மேனேஜராவும் இரு"ன்னாரு. அன்னைக்கு ராத்திரியே, இல்லீங்க, அடுத்த நாளே ஒரு நோட்டு வாங்கிச் சைகையெல்லாம் எழுத ஆரம்பிச்சுட்டேன். இந்த ஆட்டத்துல மேனேஜர் வாயத் தெறந்து சொல்லக்கூடாது, எதிராளிக்குக் கேட்டுப்போயிரும். கையிலதான் சொல்லோணும். மூக்கைத் தொட்டா ஓடு. காதைத் தொட்டா நில்லு. மூக்கைத் தொட்டுட்டு இடுப்பு வாரைத் தொட்டா, அடிக்காதே, கட்டையை நீட்டி மெல்லத் தட்டி உடு. இப்படி இருபத்திரண்டு சைகை. சின்ன முதலாளியே, "இத்தனை எதுக்குடா?"ன்னாரு. அவருக்கு மேனேஜர் வேலையப் பத்தி என்ன தெரியும் பாவம்.

எல்லாரும் ஒரு மாசத்துல கத்துக்கிட்டாங்க. ஆறுச்சாமியைத் தவிர.

ஆறுச்சாமி அப்ப லாரியில இருந்து பஞ்சுப் பொதி எறக்கற எடத்துல இருந்தான். ஆளைப் பாத்தீங்கல்ல? இப்பவே அப்படின்னா அப்ப எப்படி இருந்திருப்பான்! அவன் கட்டையைச் சுத்தினா நூத்துக்கு எழுவது காத்துலதான் போகும். பட்டுதுன்னு வைங்க, பந்தைத் தேடறதுக்கு ஆளு அனுப்போணும். நான் சைகை காட்டுவேன். அவன் என்னையவே உத்துப் பாப்பான். நெம்ப மரியாதையாத் தலையை ஆட்டுவான். அப்பறம் அவனுக்கு என்ன தோணுதோ அதைச் செய்வான். கேட்டா, "இனிமே சரியாப் பண்றேனுங்க மேனேஜரு"ம்பான். என்னைய விட ரெண்டு வயசு மூத்தவன், கையைக் கட்டிக்கிட்டு நின்னு மேனேஜருங்கறான், நான் என்னன்னு வையறது?

சரி, திருச்சிக்கு வர்றேன். தொண்ணூத்தொண்ணு. பெரிய முதலாளிக்கு, சின்னவரோட அப்பாவுக்கு, இந்த ஆட்டமே ஆகாது. பஞ்சுக் குடோனுக்குப் பின்னாடி பெரிய மனுசங்க சாக்குப்பையைச் சுத்தி ஓடறாங்களேன்னு அவருக்கு ஒரே அருவருப்பு. அந்த வருசம் மகன்கிட்டச் சொல்லிப்போட்டாரு. "இந்தத் தடவை கோப்பை வந்தா, உன்ற டீமுல டெம்ப்ரவரியா இருக்கற ஆறு பேத்தையும் பர்மனென்ட் பண்றேன். வரலைன்னா டீமைக் கலைச்சுப் போடோணும்." டெம்ப்ரவரின்னா தெரியுமுங்களா? காலையில கேட்டுல போய் நிக்கோணும். உள்ள எவனாவது வராம இருந்தா அவனுக்குப் பதிலாக் கூப்புடற ஆளு பேரை போர்டுல எழுதிப் போடுவாங்க. எல்லாரும் வந்துட்டா ஊட்டுக்குத் திரும்பிப் போகோணும். ஆறுச்சாமி ஏழு வருசமா அப்படித்தான் நின்னுக்கிட்டிருந்தான். நான் அப்பவே பர்மனென்ட்டுங்க, எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஆனா டீமு கலைஞ்சா நான் யாருக்கு மேனேஜரு? அந்த வெசனம் எனக்கு.

கடைசி மேட்ச். மதுரைப் பக்கத்து மில்லு டீம் எதிர்ல. அவங்க நாலு, நாங்க மூணு. எங்களுக்குக் கடைசி வாய்ப்பு. ஒரு ஆளு அவுட்டு. வீசுன பந்து என்ற தோள்பட்டையில பட்டுதுன்னு என்னையச் சும்மாவே மொதல் மூலைக்குப் போகச் சொன்னாங்க. அடுத்து எங்காளு தேவராசு ஒரு அடி அடிச்சான், நான் மூணாவது மூலைக்கு ஓடிட்டேன், அவன் ரெண்டாவது மூலைக்கு வந்துட்டான். இப்ப கட்டையை எடுத்துக்கிட்டு வர்றது யாருங்கறீங்க? ஆறுச்சாமி.

மேனேஜர் மூணாவது மூலையில நிக்கறேன், பாத்துக்குங்க. ரோசனை பண்ணினேன். இவன் சுத்தினா எழுவது வீதம் காத்துல போகும். மெல்லத் தட்டி உட்டான்னா, அவங்க குனிஞ்சு எடுக்கறதுக்குள்ள நான் வந்து சேந்துருவேன். நாலுக்கு நாலு ஆயிரும். அப்பறம் நிதானமா ஜெயிச்சுக்கலாம். எந்த மேனேஜரைக் கேட்டாலும் அதைத்தானுங்க சொல்லுவான். மூக்கைத் தொட்டேன். இடுப்பு வாரைத் தொட்டேன். ஆறுச்சாமி உத்துப் பாத்தான். தலையை ஆட்டினான். நான் சந்தேகத்துக்கு இன்னொருக்கா மூக்கைத் தொட்டு வாரைத் தொட்டேன். இன்னொருக்காத் தலையை ஆட்டினான்.

தட்டப் போறான்னா நான் முன்னாடியே ஓட ஆரம்பிக்கோணும். வீசறவன் கை ஏறுச்சு, நான் ஓட்டம் புடிச்சேன். பாதி தூரம் வந்துட்டேன். எதிர்ல பாக்கறேன், இவன் கட்டையைத் தோளுக்கு மேல தூக்கிச் சுத்தறான்! நான் இங்க நேரா அவனைப் பாத்து ஓடி வர்றேன் அம்மிணி! பட்டுச்சுங்க. டப்புன்னு ஒரு சத்தம். பந்து என்ற காதை உரசிக்கிட்டு, நெசமாலுமே இந்தக் காதை, இதைத்தான், காத்து அடிச்சது தெரிஞ்சுது. தொப்புன்னு குப்புற விழுந்துட்டேன்.

விழுந்தவன் தலையைத் தூக்கிப் பாத்தேன். ஆறுச்சாமி மொதல் மூலையப் பாத்து ஓடறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "டேய்! நான் தட்டத்தானேடா சொன்னேன்! ரெண்டு தடவை சொன்னேனேடா! தலைய ஆட்டுனயேடா!"ன்னு கத்தறேன். படுத்துக்கிட்டேதான். ஒரு மேனேஜருக்குன்னு ஒரு பொறுப்பு இருக்குதல்லங்க? அங்கயே அப்பவே கேட்டாத்தான அவனுக்கு ஒறைக்கும்?

பந்து ஷாமியானாக் கம்பத்துக்குப் பக்கம் உருண்டுக்கிட்டிருக்குது. அதை எடுக்க அவங்க ஆளு ஓடறான். ரெண்டாவது மூலையில இருந்த தேவராசு மூணாவதையும் தாண்டி என்ற பின்னாடி வந்து நின்னுட்டான். முன்னாடி ஓடறவனைப் பின்னாடி வர்றவன் தாண்டக்கூடாது, தாண்டினா அவுட்டு. நான்தான் அதை அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன்.

"அண்ணா, எந்திரிங்க! உங்களைத் தாண்ட முடியாதுங்கண்ணா!"

"நீயே சொல்லுடா தேவராசு, நான் தட்டுன்னுதானே காட்டினேன்?"

"தட்டுன்னுதாங்கண்ணா! எந்திரிங்கண்ணா! பந்து வருது!"

"அவன் பாத்துட்டுத்தானே தலையை ஆட்டினான்?"

தேவராசு குனிஞ்சான். என்ற இடுப்பு வாரைப் புடிச்சுத் தூக்குனான். சாக்கு மூட்டையைத் தூக்கற மாதிரி ஒரு ஆளைத் தூக்கி, நாலு தப்படி ஓடி, முன்னால எறிஞ்சுட்டு, என்ற மேலயே விழுந்தான். அதே நேரத்துல பந்தும் வந்து சேந்துச்சு. நடுவர் அவுட்டு இல்லைன்னு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிட்டாரு. எனக்கொரு ரன், தேவராசுக்கொரு ரன். அஞ்சுக்கு நாலு. கோப்பை எங்களுக்கு.

எல்லாரும் ஓடி வந்து ஆறுச்சாமியத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டாங்க. என்னைய யாரும் தூக்கலை. தேவராசு மட்டும் எந்திரிச்சு மண்ணைத் தட்டி உட்டான். பேப்பர்ல போட்டோ வந்துச்சு. நான் குப்புறக் கெடக்கறேன், வாய் நெறைய மண்ணு, முதுகு மேல தேவராசு. மேனேஜர்னு பேர் போட்டிருக்குது கீழ. எங்க சொந்தக்காரங்க ஒருத்தர் பாக்கியில்லாம அதைக் கத்தரிச்சு வெச்சிருக்காங்க. ஆனா போட்டோவுக்காக எனக்கு வருத்தமே கெடையாதுங்க. கட்டுப்பாடு. கட்டுப்பாடு இல்லாத டீமு என்ன டீமு? அதுதான் எனக்கு.

ரெண்டு நாள் கழிச்சுப் பெரிய முதலாளி ஆபீஸ்ல இருந்து ஆளு வந்துச்சு. பர்மனென்ட் பண்ணோணுங்கற பேரை மேனேஜர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரோணுமாம். உக்காந்து எழுதினேன். அஞ்சு பேரு எழுதினேன். ஆறாவது பேரு எழுதறதுக்குக் கை வரலை. சொன்ன பேச்சுக் கேக்காதவனை எப்படிங்க எழுதறது? அஞ்சு பேரோட கையெழுத்துப் போட்டு மேசைக்குள்ள வெச்சேன், காலையில குடுத்துக்கலாம்னு.

ஷிப்டு முடிஞ்சு சைக்கிள் ஸ்டாண்டுக்கு வர்றேன். என்ற சைக்கிள் கேரியர்ல கையை வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணு நிக்குது. ரங்கநாயகி. நூலைச் சிட்டம் போடற ரீலிங் டிப்பார்ட்மென்ட்டுல வேலை செஞ்சுக்கிட்டிருந்தா. ஆறுச்சாமி தங்கச்சி. எங்கூட்டுல அவளை எனக்குக் கேட்டிருந்தாங்க, அவங்க இன்னும் பதில் சொல்லலை. அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க.

"அஞ்சு பேருதான் எழுதியிருக்கீங்களாமா?"ன்னா. மேசைக்குள்ள வெச்சது அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கறா.

"உங்கண்ணன் நான் காட்டுன சைகையைப் பாத்தும் கேக்கலை"ன்னேன்.

"பாக்கலீங்க."

"பாத்தான். தலையை ஆட்டினான்."

"நீங்க கையை ஆட்டறது தெரியுமுங்க. எதைத் தொடறீங்கன்னு தெரியாது. அவனுக்குத் தூரத்துப் பார்வை கெடையாது. கேட்டுல போர்டு எழுதிப் போட்டா நான்தான் படிச்சுச் சொல்றேன். நீங்க மூக்கைத் தொட்டீங்களா மொழங்காலைத் தொட்டீங்களான்னு ஒரு வருசமா அவனுக்குத் தெரியாது."

"இதை ஏன் எங்கிட்டச் சொல்லலை?"ன்னேன்.

"கண்ணு தெரியாதவனை டீமுல வெச்சிருப்பீங்களா? பர்மனென்ட்டுக்கு எழுதுவீங்களா?"

"அப்ப பந்து மட்டும் எப்படித் தெரியுது?"

"பக்கத்துல வந்தாத் தெரியும்ங்கறான். தெரிஞ்சா அடிக்கறான். தெரியலைன்னா சும்மா சுத்தறான்."

எழுவது வீதம் ஏன் காத்துல போச்சுன்னு அப்பத்தானுங்க எனக்குப் புரிஞ்சுது. அவ சைக்கிள்ல இருந்து கையை எடுத்துட்டு, நேரா என்ற மூஞ்சியப் பாத்து ஒண்ணு கேட்டா பாருங்க. "உங்களுக்குக் கோவம் அவன் அடிச்சதுக்கா, இல்ல அந்தப் போட்டோவுக்கா?"

என்ன கேள்விங்க அது? கட்டுப்பாட்டைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கறப்ப போட்டோ எங்க வந்துச்சு? சைக்கிளை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். பாதி வழியில இறங்கி நின்னேன். ஏழு வருசமா கேட்டுல நின்னு, போர்டுல தன்ற பேரு இருக்குதா இல்லையான்னு தங்கச்சியக் கேட்டவன். திருப்பிக்கிட்டு மில்லுக்கே போனேன். மேசையத் தெறந்து அந்தக் கடுதாசியக் கிழிச்சுட்டுப் புதுசா எழுதினேன். ஆறு பேரு. அவன் பேரை மொதல்ல எழுதினேன். பொண்ணு கேட்டிருக்கறதுக்காக எழுதலீங்க, அதைத் தெளிவாப் போட்டுருங்க. மேனேஜராத்தான் எழுதினேன்.

அடுத்து பர்மனென்ட் ஆகறவங்களுக்கு டாக்டர் பரிசோதனை இருந்துச்சு. அதுக்கு முந்தின நாள் ஆறுச்சாமியக் கூட்டிக்கிட்டுப் போயி கண்ணாடி போட வெச்சேன். கண்ணாடியோட கடைக்கு வெளிய வந்தான். படியிலயே நின்னுட்டான். மேக்க பாத்துக்கிட்டே நிக்கறான்.

"என்னடா?"

"மலைங்க மேனேஜரு. மலைமேல மரம் மரமா இருக்குதுங்க. இத்தனை நாளா நான் அதை மேகம்னல்ல நெனைச்சேன்."

முப்பது வயசு ஆளு, ரோட்டுல நின்னு கண்ணாடியக் கழட்டறான், போடறான், கழட்டறான், போடறான். அப்பறம் என்னையத் திரும்பிப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான்.

"உங்களுக்கு மூக்குல மச்சம் இருக்குதுங்களா?"ன்னான்.

சிரிச்சுட்டனுங்க. ஒரு வாரமா சிரிக்காதவன், நடு ரோட்டுல நின்னு சிரிச்சேன். அந்தத் தையில எனக்கும் ரங்கநாயகிக்கும் கல்யாணம் ஆச்சு.

ஆனா அம்மிணி, ஒண்ணை மறந்துறாதீங்க. கண்ணு தெரியலைன்னாலும் தெரியலைன்னு சொல்லியிருக்கோணுமல்ல? தெரிஞ்ச மாதிரித் தலையை ஆட்டினது தப்புதானுங்களே? அதனால அன்னைக்கு நான் சொன்னது சொன்னதுதான். தட்டியிருக்கோணும்.

எல்லாரும் கோப்பை வருசத்தையே கேக்கறாங்க. அதுல மேனேஜர் வேலை என்னங்க இருக்குது? நீங்க அதுக்கு அடுத்த வருசத்தை எழுதுங்க. தொண்ணூத்திரண்டு. அதுதான் என்ற டீமு! ஆறுச்சாமி கண்ணாடியக் கயித்துல கட்டித் தலையோட இறுக்கி மாட்டிக்கிட்டு வந்து நிப்பான். நான் மூக்கைத் தொட்டா ஓடினான். காதைத் தொட்டா நின்னான். தட்டுன்னா பூ மாதிரித் தட்டினான். இருபத்திரண்டு சைகையும் மனப்பாடம். காட்டறதுக்கு முன்னாடியே என்ற மூக்கையே பாத்துக்கிட்டு நிப்பான், பந்து வந்துட்டுப் போயிரும், இவன் மூக்கைப் பாத்துக்கிட்டிருப்பான். அப்படி ஒரு பணிவு. வருசம் பூராவும் ஒரு சைகை தப்பலீங்க அம்மிணி, ஒண்ணே ஒண்ணு தப்பலை. எந்த ஊர்லயும் எந்த மேனேஜருக்கும் அப்படி ஒரு டீமு அமைஞ்சிருக்காது.

என்னங்க? அந்த வருசம் எத்தனை மேட்ச் ஜெயிச்சமா?

ரங்கநாயகி! உள்ள நின்னுக்கிட்டு என்ன சிரிப்பு? அம்மிணி வந்து எவ்வளவு நேரமாச்சு, ஒரு வாய் காப்பி கொண்டாந்து குடு.